மாட்டின் தோளுக்குப் பக்கத்தில்

"கொஞ்ச நேரத்துக்கு நீங்கள் ஒரு பசு" என்று சொல்லி என்னை மண்டபத்தின் நடுவில் நிறுத்தினார்கள். அவர்கள் சொன்னது ஜெர்மன் மொழியில். அங்கே நடந்த பேச்சையெல்லாம் என் காதில் இப்போது ஒலிக்கிற தமிழிலேயே எழுதுகிறேன்.

மண்டபம் என்றாலும் தரை மணல். குதிரைகளைப் பழக்கும் இடம். கூரை இடுக்குகளால் இலையுதிர்காலத்து வெளிச்சம் நீள நீளமாக விழுந்தது. அதற்குள் வைக்கோல் தூசி ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. என்னைச் சுற்றி இன்னும் பத்துப் பேர்வரை பசுக்களாக நின்றார்கள். எல்லோரும் இறைச்சிக்கு மாடு வளர்க்கும், ஜெர்மனியின் ஃபிராங்கன் பகுதி விவசாயிகள். ரப்பர் சப்பாத்தும் பெரிய வயிறுமாக, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற ஆண்கள். அந்தக் கூட்டத்தில் கறுத்த பசு நான் ஒருத்திதான்.

பயிற்சி கொடுத்தவர் ஹைகே என்ற மிருக வைத்தியர். நாற்பது வயது இருக்கும்.

"முன்னுக்குப் பாருங்கோ. நான் எங்கை நிக்கிறன் எண்டு தேடாதேங்கோ" என்றார்.

எனக்குப் பின்னால் மணலில் சப்பாத்து புதையும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. திடீரென்று என் பிடரியில் ஒரு கூச்சம். நான் யோசிக்கவேயில்லை. கால் தானாக இரண்டு எட்டு முன்னுக்கு வைத்துவிட்டது.

"நான் உங்களைத் தொடேல்லை, ஒரு சொல்லும் சொல்லேல்லை. ஏன் நடந்தனீங்கள்?"

பக்கத்துப் பசுக்கள் சிரித்தன. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கூச்சம் எனக்குப் புதிதல்ல. குசினியில் நிற்கும்போது பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டால் அது வரும். முப்பது வருடமாக வருகிறது.

உரத்த குரல்

என் கணவர் சிவம் என்மேல் ஒருநாளும் கைநீட்டியதில்லை. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அவருடைய குரல் பெரியது, அவ்வளவுதான். உப்புப் போத்தல் எங்கே என்று கேட்டால்கூடத் தெருவில் போகிறவர் நின்று திரும்பிப் பார்ப்பார். மியூனிக்கில் வேலை செய்யும் எங்கள் மகள் சொல்வாள்: "அப்பாவோடை கதைக்க போன் தேவையில்லை அம்மா. யன்னலைத் திறந்தாப் போதும்."

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக இங்கே வந்து சேர்ந்தவர். அகதி முகாமிலிருந்து வெளியே வந்ததும் எர்லாங்கனில் ஒரு உணவகக் குசினியில் பாத்திரம் கழுவத் தொடங்கி, பிறகு அங்கேயே சமையல்காரரானார். நான் ஒருமுறை அந்தக் குசினிக்குள் போய்ப் பார்த்தேன். புகைபோக்கி விசிறி ஒரு விமானம்போல இரைந்துகொண்டிருந்தது. தட்டுகள் மோதின, எண்ணெய் வெடித்தது. அங்கே கத்தாதவன் ஊமை. அந்தக் குரலைத்தான் இவர் வீட்டுக்கும் கொண்டுவருகிறார் என்று அன்று முடிவு செய்தேன். அந்த முடிவோடுதான் இவ்வளவு காலமும் இருந்தேன்.

கோபமில்லாத சத்தம் என்று மனதுக்குத் தெரியும். முதுகுக்கு அது தெரியாது.

கோதுமை நிறத்து மாடுகள்

எர்லாங்கனுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு மாடுகள் இருந்தன. இந்தப் பகுதிக்கே உரிய மஞ்சள் மாடுகள். முற்றிய கோதுமையின் நிறம். காலையில் மூடுபனி இறங்கும்போது கால்கள் மறைந்துவிடும், மஞ்சள் முதுகுகள் மட்டும் மிதந்து போகும். நான் யன்னலருகே தேத்தண்ணி குடித்துக்கொண்டு அவற்றைப் பார்ப்பேன். அவை உண்மையான மாடுகளா, என் தூக்கத்தின் மிச்சமா என்று சில நாட்களில் சந்தேகமாக இருக்கும்.

சிவம் விடுமுறை நாட்களில் அங்கே உதவிக்குப் போனார். சொந்தக்காரர் உடம்புக்கு முடியாமல்போய் மகளோடு இருக்க வடக்கே போனபோது, நிலத்தைக் குத்தகைக்கும் மாடுகளைச் சொந்தமாகவும் இவர் எடுத்துக்கொண்டார். இந்த வளர்ப்பில் பால் கறப்பதில்லை. கன்று தாயோடேயே திரியும், தாயின் பாலை அதுவே குடிக்கும். பெண் கன்றுகள் மந்தையில் நிற்கும். ஆண் கன்றுகள் வளர்ந்து நாம்பன் ஆனதும் இறைச்சிக்குப் போகும்.

நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர், சைவக் குடும்பத்துப் பெண் இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டிருந்தார். பாரிசில் இருக்கும் என் மச்சாளும் இதையே கேட்டார், இன்னும் நேராக.

"கோயிலுக்குப் போறனீதானே வதனி? இதை எப்பிடிப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய்?"

"நான் பார்க்கிறேல்லை மச்சாள்" என்றேன்.

அது உண்மை. நான் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்தேன். காலையில் ரயில் ஏறினால் மாலையில்தான் வருவேன். நாங்கள் இரண்டு பேருமே மாட்டிறைச்சி தின்பதில்லை. அவை "அவருடைய மாடுகள்". லொறி வரும் நாட்களில் எனக்கு எப்படியோ கூடுதல் வேலை இருக்கும்.

மயக்கத்தில் சொன்ன பெயர்கள்

ஒரு கோடைகாலக் கடைசியில், மந்தையை ஒரு வேலிக்குள்ளிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, வாசலருகே ஒரு பசு வெருண்டு திரும்பியது. வாசலின் இரும்புப் படலை சுழன்று சிவத்தைத் தூணோடு வைத்து அடித்தது. தொடை எலும்பு முறிந்துவிட்டது.

சத்திரசிகிச்சை முடிந்து அவர் கண் விழிக்கும்வரை பக்கத்தில் இருந்தேன். மயக்கம் தெளியாமலேயே அவர் முணுமுணுக்கத் தொடங்கினார். அவருக்கு அப்படி ஒரு சின்னக் குரல் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

"லீசெல்… றோசி… பவளம்… ஃபானி… வெண்ணிலா…"

மருந்துக் குழாயைச் சரிசெய்துகொண்டிருந்த தாதி என்னைப் பார்த்துக் கண்ணை அகட்டினாள். "இத்தனையும் உங்கடை மகள்மாரோ?"

"மாடுகள்" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. அவர் ஒரு பெயரையும் விடாமல், கூப்பிட்டுக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று காத்திருந்து சொன்னார்.

வீட்டுக்கு வந்தபிறகு அதே மனிதர் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டுத் தொலைபேசியில் மாட்டு வியாபாரியோடு கத்திக்கொண்டிருந்தார்.

"முழுதையும் எடுங்கோ. ஓம், எல்லாத்தையும்தான். டொக்டர் வந்து இரத்தம் எடுத்தாப்பிறகு வாங்கோ." போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "வேறை என்ன செய்யிறது? எனக்கு ஏலாது. உனக்கு மாட்டைத் தெரியாது."

வருடத்துக்கு ஒருமுறை மந்தை முழுவதற்கும் இரத்தப் பரிசோதனை உண்டு. மிருக வைத்தியர் வரும் நாளில் எல்லா மாடுகளையும் தொழுவத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதுவரை பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் மட்டும் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

அடுத்த நாள் வேலையில் லீவு கேட்டேன். மாடு வளர்ப்பவர்களுக்கான இரண்டு நாள் செய்முறைப் பயிற்சி ஒன்று இருப்பதாகத் தொழுவத்துக் கதவில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது. கூப்பிட்டு என் பெயரைக் கொடுத்தேன்.

"மாட்டைச் சாய்ச்சுக்கொண்டு போறதுக்கும் ஒரு கோர்ஸோ?" சிவம் சிரித்த சிரிப்பு மேல்மாடிவரை கேட்டிருக்கும். "உனக்குச் சேட்டிபிக்கற் தருவினமோ?"

"தெரியேல்லை. போயிட்டு வந்து சொல்லுறன்."

மணலிலிருந்து புல்லுக்கு

ஹைகே மணலில் ஒரு மாட்டை வரைந்தார். அதைச் சுற்றி ஒரு வட்டம். "இது அதின்ரை அறை. கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் உள்ளை வந்தால் அது நடக்கும், வெளியிலை போனால் நிக்கும்." தோளில் ஒரு கோடு போட்டார். தோளுக்குப் பின்பக்கம் நின்றால் மாடு முன்னே போகும். தோளைத் தாண்டி முன்னுக்கு வந்தால் நிற்கும், அல்லது திரும்பும். மாட்டுக்குச் சுற்றிவரக் கண் தெரியும். நேர் பின்னால் மட்டும்தான் தெரியாது. அங்கேயிருந்து சத்தம் வந்தால் அதற்கு அது ஓநாய்தான்.

மத்தியானத்துக்குப் பிறகு உண்மையான மாடுகளிடம் போனோம். மழை விட்டு, புல்லிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு இளம் பசுவைக் காட்டினார்கள். நேராகப் போகாமல் சாய்வாக நடந்தேன். ஒரு இடத்தில் அதன் காது என் பக்கம் திரும்பியது. இன்னும் ஒரு எட்டு வைத்தேன். தலை உயர்ந்தது. இன்னும் அரை எட்டு. அது நடந்தது.

"இப்ப பின்னுக்கு வாங்கோ. உடனை. அது நடந்ததுக்கு நன்றி சொல்லுங்கோ" என்றார் ஹைகே.

பின்வாங்கினேன். பசு நின்றது. பெருமூச்சு விட்டது. அந்த மூச்சின் சூடு எனக்குத் தெரிந்தது. மறுபடி ஒரு எட்டு, மறுபடி பின்வாங்கல். யாரோடோ நடனமாடுவதுபோல அந்தப் புல்வெளியில் நாங்கள் இருவரும் வளைந்து வளைந்து போனோம். நேரம் எங்கே போனதென்று தெரியவில்லை. சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருக்கும்போது, அறையில் ஒன்றும் அசையாமல் எல்லாம் மெல்ல மிதக்குமே, அந்த மாதிரி ஒரு அமைதி.

அடுத்த நாள் வேறு பாடங்கள். முதுகுக்குக் கீழே விலாவின் நுனியைக் கையால் அமத்தி, மாடு மெலிந்திருக்கிறதா என்று பார்க்கப் பழகினோம். நடையைப் பார்த்து, எந்தக் காலில் நோவு என்று சொல்லப் பழகினோம். ஊசியைத் தொடையில் போடக்கூடாது, கழுத்துத் தோலைக் கூடாரமாகத் தூக்கி அதற்குள் போட வேண்டும். என் முறை வந்தபோது, என் வேலை என்னவென்று முன்னமே விசாரித்திருந்த மீசைக்காரர் ஒருவர் பின்னால் நின்று கேட்டார்:

"பல்லுப் புடுங்கப் போறியளோ?"

"வாயைத் திறந்தா உங்களுக்குத்தான் முதல்" என்றேன். அன்றிலிருந்து அவர் எனக்குக் கோப்பி ஊற்றிக் கொண்டுவந்து தந்தார்.

கடைசிப் பாடம் மாட்டை லொறியில் ஏற்றுவது. ஏறுபலகை செங்குத்தாக இருக்கக்கூடாது. அதில் வைக்கோல் போட வேண்டும். உள்ளே வெளிச்சம் வேண்டும். இருட்டுக்குள் எந்த மாடும் மனமாய்ப் போகாது. ஒன்றைத் தனியாக அனுப்பாமல் துணையோடு அனுப்ப வேண்டும். நடக்க முடியாத மாட்டை ஏற்றவே கூடாது. வெருண்ட மாட்டின் இறைச்சி கறுத்துக் கடினமாகிவிடும் என்றும் சொன்னார்.

யாரோ கேட்டார்: "எப்பிடியும் சாகத்தானே போகுது?"

"ஓம்" என்றார் ஹைகே. "ஆனால் ஏறுபலகையிலை நிக்கேக்கை அது உயிரோடைதானே நிக்குது."

நான் லொறி வரும் நாட்களில் எனக்கு இருந்த கூடுதல் வேலைகளை நினைத்துக்கொண்டேன்.

மூடுபனிக்குள்

இரத்தம் எடுக்க எங்கள் ஊர் மிருக வைத்தியர் வந்த காலையில் மேய்ச்சல் நிலத்தின் மறுகரை தெரியவில்லை. அவ்வளவு பனி. மந்தை அந்தக் கரையில்தான் நின்றது. வைத்தியர் தொழுவத்தில் கருவிகளைப் பரப்பினார். சிவம் இரண்டு ஊன்றுகோலோடு வேலியருகே வந்து நின்றார். வரவேண்டாம் என்று சொல்லியிருந்தேன்.

நான் புல்லுக்குள் போனேன். முதலில் வாசம்தான் வந்தது, ஈரமும் சாணமும் பாலும். பிறகு மஞ்சள் முதுகுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மந்தைக்கு முன்னால் நடப்பவள் லீசெல். அவள்தான் என்னை முதலில் கண்டாள். நான் அவளைப் பார்க்காமல் சாய்வாக நடந்தேன். காதுகள் திரும்பின. தலைகள் உயர்ந்தன. மிக மெதுவாக, படகு கரையைவிட்டு விலகுவதுபோல, முழு மந்தையும் அசையத் தொடங்கியது.

பாதி தூரம் வந்திருப்போம்.

"ஏய்! ஏய்! அந்தப் பக்கம் விடாதை! வதனி, றோசியைப் பார்! றோசியைப் பார்!"

பனிக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்ததும் மந்தை வெடித்துச் சிதறியது. நிலம் அதிர்ந்தது. ஒரு கன்று என்னை உரசிக்கொண்டு ஓடியது. கண் மூடித் திறப்பதற்குள் என்னைச் சுற்றி வெறும் வெள்ளை.

நான் வேலிக்கு நடந்து வந்தேன்.

"இஞ்சாருங்கோ. நீங்கள் கதைக்கக்கூடாது."

"என்ன?"

"நீங்கள் கத்தினால் என்னாலை ஏலாது. அவையளாலையும் ஏலாது. ஒண்டில் நான் செய்யிறன், இல்லாட்டி நீங்கள் செய்யுங்கோ."

தொழுவத்து வாசலில் நின்ற வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். திருமணமான நாளிலிருந்து நான் சிவத்திடம் அப்படிச் சொன்னதில்லை. அவர் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் மெல்ல இருந்துகொண்டார்.

மந்தை அமைதியாகும்வரை காத்திருந்தேன். நீண்ட நேரம். பனி வெளுத்து, வானத்தில் சூரியன் ஒரு மங்கிய வட்டமாக வந்தபிறகுதான் லீசெல் மறுபடி புல்லில் வாய் வைத்தாள். அதன்பிறகு தொடங்கினேன். ஒரு எட்டு. பின்வாங்கல். ஒரு எட்டு.

இந்தமுறை ஒரு சத்தமும் வரவில்லை. குளம்புகள் புல்லை மிதிக்கும் சத்தமும் மூச்சும் மட்டும். வாசலருகே வந்ததும் லீசெல் நின்றுவிட்டாள். வாளியில் இருந்த சிவத்தைப் பார்த்தாள். இவர் முகம் வெளிறியதை நான் கண்டேன். தொடையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய மனிதருக்கு மாட்டைக் கண்டு பயம் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

"அவளைப் பார்க்காதேங்கோ. நிலத்தைப் பாருங்கோ" என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் தலையைக் குனிந்தார். லீசெல் ஒரு மூச்சு விட்டாள். அவரைத் தாண்டி உள்ளே நடந்தாள். மற்றவை அவளுக்குப் பின்னால், கன்றுகள் தாய்களோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாக உள்ளே போயின.

படலையைச் சாத்தும்போதுதான் என் கன்னம் நனைந்திருப்பது தெரிந்தது. பனியாகவும் இருக்கலாம்.

அன்று பின்னேரம் சிவம் வியாபாரியைக் கூப்பிட்டார். "வரவேண்டாம்" என்றார். ஏன் என்று கேட்டிருப்பார்கள் போல. "மனிசி பார்க்கிறா" என்றார்.

லொறி வந்த காலை

மந்தை எங்களோடு தங்கினால் மந்தையோடு உள்ள எல்லாம் தங்கும், லொறியும்தான். அதை நான் நினைத்துப் பார்க்காமல் இல்லை.

குளிர் தொடங்கிய ஒரு காலையில் லொறி வந்தது. இரண்டு நாம்பன்கள் போக வேண்டும். அவற்றில் மூத்தது லீசெலின் மகன். நெற்றியில் மயிர் சுருண்டிருக்கும். அன்று எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. இருக்காமல் பார்த்துக்கொண்டேன்.

விடியுமுன்பே ஏறுபலகையில் வைக்கோலைப் பரப்பினேன். சாரதி மாட்டை விரட்டும் பிளாஸ்டிக் தட்டி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"அது தேவைப்படாது. உள்ளை விளக்கைப் போடுங்கோ" என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு விளக்கைப் போட்டார். சிவம் ஒற்றை ஊன்றுகோலோடு சுவரோரமாக நின்றார். ஒன்றும் பேசவில்லை.

நாம்பன்கள் ஒடுங்கிய பாதையில் வந்தன. முன்னால் வந்தவன் பலகையடியில் நின்று, வைக்கோலை முகர்ந்தான். நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்றேன். அவசரப்படுத்தவில்லை. அவன் முகர்ந்து முடிக்கும்வரை நின்றேன். என் கை அவன் விலாவில் பட்டது. உள்ளே அந்தப் பெரிய இதயம் ஓடாமல் நடந்துகொண்டிருந்தது. பிறகு அவன் ஒரு காலை வைத்தான், மற்றதை வைத்தான். இரண்டாமவன் அவனைத் தொடர்ந்தான். வீட்டுக்குள் போவதுபோலப் போனார்கள்.

சாரதி கதவைச் சாத்தினார். லொறி ஊரின் வளைவில் திரும்பி மறைந்தது. தொழுவத்து முற்றத்தில் இப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"நீ அழுறியோ?" என்று சிவம் கேட்டார்.

"ஓம்."

அவர் தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மாடு ஏத்திற நாளிலை ஏன் கத்தினனான் எண்டு இப்பத்தான் எனக்கு விளங்குது" என்றார். "கத்திக்கொண்டு நிண்டா இதொண்டும் தெரியாது வதனி. லொறி போனாப்பிறகு தொண்டை நோகும். தொண்டை மட்டும்தான் நோகும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் கன்னமும் நனைந்திருந்தது, அவர் துடைக்கவில்லை. ஊன்றுகோலை விட்டால் விழுந்துவிடுவார், மற்றக் கை சுவரில் இருந்தது. என் கழுத்துச் சால்வையின் நுனியால் நான் துடைத்துவிட்டேன். அவர் குழந்தையைப்போல முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஏறுபலகை இருந்த இடமெல்லாம் சாணமும் வைக்கோலும்.

"தண்ணியைத் திறந்து விடு" என்றார் சிவம்.

திறந்தேன். அவர் சுவரில் சாய்ந்தபடி குழாயைப் பிடித்தார், நான் தும்புத்தடியால் சாணத்தைக் கூட்டித் தள்ளினேன். தண்ணீர் தெளிந்து ஓடும்வரை கழுவினோம்.